கொட்டகைத் தரைக்குச் செய்த டெஸ்குகள்

அனுப்புநர்:
மனு எழுதித் தரும் கடைக்காரி,
உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: உயர்நிலைப் பள்ளியின் வரலாறு பொய்யாக எழுதப்பட்டது – அதைக் காட்டி விளையாட்டுத் திடல் தனியாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது – மிச்சமிருக்கும் ஒரே சாட்சியான பழைய டெஸ்குகளும் ஏலத்துக்கு வந்திருப்பது – இவற்றை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. என் முதல் மனு. பதில் வரவில்லை.
2. என் இரண்டாம் மனு. முதல் மனுவைப் பார்க்கும்படி பதில் வந்தது.
3. குறைதீர் நாளில் தாங்கள் நேரில் சொன்ன பதில்.

மதிப்புக்குரிய ஐயா,

1. பிறருக்கு மனு எழுதித் தருவது என் பிழைப்பு. குடிநீர் இணைப்பு, சாக்கடை அடைப்பு, அண்ணன் தம்பி பாகத் தகராறு, முதியோர் உதவித்தொகை, எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வரியை என் விரல்கள் தூக்கத்தில்கூட அடித்துவிடும். தக்க நடவடிக்கை என்றால் என்னவென்று இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே அந்த வரி இந்த மனுவில் வராது. கோபத்தோடு எழுதினால் மனு எடுபடாது என்று வாடிக்கையாளர்களுக்கு நானே புத்தி சொல்வது வழக்கம். இரண்டு மனுக்கள் அமைதியாக எழுதிப் பார்த்துவிட்டேன். இது மூன்றாவது.

2. பள்ளிக்கு இந்த ஆண்டு வைர விழா. விழாக் குழுவின் தலைவர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மரக்கடை முதலாளியின் பேரன். முதலாளி காலமாகி நெடுநாளாகிறது. விழா மலரின் முதல் பக்கத்தில் பள்ளியின் வரலாறு என்று ஒன்றை இந்தப் பேரன் அச்சடித்திருக்கிறார். பள்ளி அவருடைய தாத்தாவின் மரக்கிடங்கில் தொடங்கியதாம். பின்னால் இருக்கும் திடலும் அவர்கள் குடும்பத்துடையதாம். பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனது வைத்து இரவல் கொடுத்திருந்தார்களாம். இந்தக் கதைக்குத் தலைமையாசிரியர் கையொப்பமிட்டுத் தங்களுக்கு அனுப்பினார். இரவல் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை என்று தாங்களும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அங்கே வரிசையாகக் கடைகள் கட்டப் போகிறார்கள்.

தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். “நான் இங்க வந்தே ரெண்டு வருஷம்தாம்மா ஆகுது. அவங்க எழுதிக் குடுத்தாங்க, நான் போட்டேன். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. வம்பு வேண்டாம் என்று ஒதுங்குகிற நல்லவர்களை வைத்துத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது.

3. திடலைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். உடற்பயிற்சி வகுப்பு இப்போது பள்ளிக்கு முன்னால் உள்ள தெருவில் நடக்கிறது. கடையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். ஒரு பக்கம் பேருந்து, மறுபக்கம் திறந்த சாக்கடை, நடுவில் பிள்ளைகள் ஓட வேண்டும். விளையாட்டு ஆசிரியர் விசிலை வண்டிகளுக்கு ஊதுவதா பிள்ளைகளுக்கு ஊதுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் ஊதுகிறார்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓட்டத்தில் கெட்டிக்காரி. சென்ற மாதம் அவள் ஓடித் திரும்பும்போது பால்காரரின் வண்டி மோதி மணிக்கட்டு முறிந்தது. பால்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தெருவில்தான் வந்தார். தெருவில் இருந்திருக்கக் கூடாதவள் என் மகள். மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. “கட்டு பிரிச்சதும் எங்கேம்மா ஓடுறது?” என்றுதான் கேட்டாள். அன்றைக்குத்தான் முதல் மனுவை எழுதினேன்.

4. பள்ளி எங்கே தொடங்கியது என்பது ஊரில் வயதானவர் எவரைக் கேட்டாலும் தெரியும். சினிமாக் கொட்டகையில். என் அம்மா அதில் முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவி. விழா மலரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மரக்கிடங்கு என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “மரக்கிடங்கா? அங்க நான் எப்பம்மா படிச்சேன்?” என்றார். அச்சில் வந்துவிட்டதால் தனக்குத்தான் மறந்துபோய்விட்டதோ என்று அன்று முழுக்கத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “எனக்கு எதாச்சும் ஆயிடுச்சா, நீயே சொல்லு” என்று அழுதபடி கேட்டார். ஐயா, திடலைப் பிடுங்கியதை ஒருவேளை மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியாது.

5. நடந்ததை அம்மா சொல்லச் சொல்லக் கீழே எழுதுகிறேன். அந்த நாளில் எங்கள் ஊரில் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மேலே படிக்க ஆற்றைக் கடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பையன்கள் போனார்கள், பெண்கள் வீட்டோடு நின்றார்கள். ஊரில் இருந்த ஒரே கொட்டகையை ஒரு விதவை நடத்தி வந்தார். கல்லாவை யாரையும் நம்பி விடாமல் தானே ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்ததால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டிக்கெட் அம்மா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதுக் கொட்டகை வந்ததும் இவர் கொட்டகையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. அப்போது மரக்கடை முதலாளி கட்டடத்தைக் கிடங்கு போட விலைக்குக் கேட்டார். டிக்கெட் அம்மா அவருக்குச் சொன்ன பதிலை என் அம்மா பக்கத்தில் நின்று காதால் கேட்டிருக்கிறார். “உங்க மரத்த வெயில்ல போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க. எட்டாவது முடிச்சுட்டு நிக்கிற இந்தப் பொண்ணுங்கள எங்க போடறது?”

கொட்டகையையும், அதன் பின்னால் சைக்கிள் நிறுத்துவதற்கென்று இருந்த வெற்றிடத்தையும் சேர்த்துப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சைக்கிள் நிறுத்தும் இடம்தான் இன்றைய திடல். மரக்கடைக் குடும்பம் அதை இரவல் கொடுக்கவும் இல்லை, அது அவர்களுடையதாக இருந்ததும் இல்லை.

6. கொட்டகைக்குச் சன்னல் கிடையாது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் அங்கங்கே ஓட்டை போட்டு வெளிச்சம் வரவழைத்தார்கள். திரை இருந்த சுவருக்குக் கறுப்பு அடித்துக் கரும்பலகை ஆக்கினார்கள். அதன் மேல்பாதியில் எழுத ஏணி வேண்டும் என்பதால் மேல்பாதி கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. தரை டிக்கெட் இடத்தில் ஒன்பதாம் வகுப்பு, பெஞ்சு டிக்கெட் இடத்தில் பத்தாம் வகுப்பு. முதல் தலைமையாசிரியர் மேலே படம் ஓட்டுகிற அறையில் உட்கார்ந்து, சதுர ஓட்டை வழியாக யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் தலைமையாசிரியர் அறையை ஆபரேட்டர் ரூம் என்றுதான் சொல்கிறார்கள். மாலை மணி அடித்தால் “படம் விட்டாச்சு” என்று கத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மரக்கிடங்கில் தொடங்கிய பள்ளிக்கு ஆபரேட்டர் ரூம் எப்படி வந்தது என்று விழாக் குழுத் தலைவரைக் கேட்டேன். “பசங்க ஆயிரம் சொல்லுவாங்கக்கா. பழங்கதையக் கிண்டிக்கிட்டு இருந்தா ஊரு எப்ப முன்னேறும்?” என்றார். பழங்கதையைப் பளபளக்கும் தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தவர் அவர். கிண்டுகிறவள் நானாம்.

7. இனி டெஸ்குகளைப் பற்றி. கொட்டகையின் தரை திரையை நோக்கிச் சரிந்திருந்தது. சாதாரண டெஸ்க் போட்டால் புத்தகமும் பிள்ளையும் கரும்பலகைப் பக்கம் வழுக்கின. அதனால் தச்சர் அந்தத் தரையிலேயே வைத்து அளவெடுத்து, பெஞ்சும் டெஸ்கும் ஒரே சட்டத்தில் சேர்ந்தபடி, முன்கால்கள் உயரமாகவும் பின்கால்கள் குட்டையாகவும் செய்துகொடுத்தார். அந்தத் தரையில் அவை மட்டமாக நின்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு கூரை தாங்காது என்று கொட்டகையை இடித்துவிட்டு, அதே இடத்தில் இப்போது இருக்கும் கட்டடத்தைக் கட்டினார்கள். தரையை எல்லோரும் போடுவது போல மட்டமாகப் போட்டார்கள். டெஸ்குகளை மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பின்னால் சாய்ந்தபடி படித்தார்கள்.

8. கால்களை அறுத்திருந்தால் ஒரு நாள் வேலை. அன்றைய தலைமையாசிரியர் அனுமதி கேட்டு எழுதினார். அரசுப் பொருளைச் சேதப்படுத்தக் கூடாது என்று தங்கள் அலுவலகம் பதில் எழுதியது. அவர் விடாமல் எழுதினார். கடைசியில் டெஸ்கைத் தொடாமல் தரையைச் சரித்துத் தருவது என்று முடிவாகி, ஒரே ஓர் அறைக்குச் சிமெண்டு வந்தது. கூடவே வந்த கொத்தனார் சரிவைக் கரும்பலகைப் பக்கம் இறக்காமல் எதிர்ச்சுவர்ப் பக்கம் இறக்கிவிட்டார். சாய்வு இரட்டிப்பானது. அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் சில மாதங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் படித்தார்கள். பிறகு யாருக்கோ மூளை வேலை செய்து, டெஸ்குகளைத் திருப்பிப் போட்டு எதிர்ச்சுவரில் இன்னொரு கரும்பலகையை அடித்தார்கள். ஊரில் இதை ரெண்டு போர்டு ரூம் என்பார்கள். கட்டடம் முழுவதிலும் டெஸ்குகள் நேராக நிற்கும் ஒரே அறை அதுதான். நான் பத்தாம் வகுப்பு படித்தது அதில். வாசல் எங்கள் முதுகுப் பக்கம் போய்விட்டதால், ஆசிரியர் பலகையில் எழுதத் திரும்பும்போது தாமதமாக வந்தவர்கள் பூனை போல உள்ளே வந்து உட்காரலாம்.

இதையெல்லாம் சிரிப்பு மூட்டுவதற்காக எழுதவில்லை. நாங்கள் சிரித்துத்தான் காலம் தள்ளினோம், அது வேறு.

9. மற்ற அறைகளில் பேனாவை டெஸ்கில் வைத்தால் உருண்டு மடியில் விழும். மைப்பேனா என்றால் உடுப்பு பாழ், வீட்டில் அடி. ஆகவே ஸ்கேலோ, ஜாமெட்ரி பாக்ஸோ, கைக்குக் கிடைத்த எதையோ நம் பக்கத்து விளிம்பில் குறுக்கே வைத்து, அதற்கு மேல்புறம் பேனாவை வைப்போம். இதற்கு அணை போடுவது என்று பெயர். புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லித் தருவாள். “முதல்ல அணையப் போடுடி, அப்புறம் எழுது.”

பள்ளியை விட்டு வந்தாலும் இந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை. என் கடை மேஜை மட்டமானது. இருந்தாலும் ஸ்டேப்ளரைக் குறுக்கே வைக்காமல் நான் பேனாவைக் கீழே வைத்தது கிடையாது. ஆஸ்பத்திரியில் என் மகளுக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதி முடித்ததும் டார்ச் லைட்டைக் குறுக்கே வைத்துப் பேனாவை வைத்தார். “நீங்க எங்க ஸ்கூலா?” என்று கேட்டேன். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று சிரித்தார். வெளியூரில் எங்களுக்குத் திமிர் பிடித்தவர்கள் என்று பெயர் உண்டு. வேலைக்கு நேர்காணல் போன இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களும் உண்டு. திமிர் ஒன்றும் இல்லை ஐயா, உட்கார்ந்து பழகிய பெஞ்சு அப்படி.

10. மரக்கிடங்கின் தரை மட்டமானது. லாரி உள்ளே வந்து திரும்பிப் போகிற இடம். பள்ளி அங்கே தொடங்கியிருந்தால், மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளர்ந்த முதலாளி, தன் கிடங்குக்குள் இப்படிக் கால் ஏறுமாறான டெஸ்குகளைச் செய்ய விட்டிருப்பாரா? இந்தக் கேள்விக்கு விழா மலரில் பதில் இல்லை. என் இரண்டாம் மனுவுக்கு வந்த பதிலிலும் இல்லை.

முதலாளி பின்னாளில் பள்ளிக்கு ஓர் அறை கட்டிக்கொடுத்தார். அதை யாரும் மறுக்கவில்லை. அந்த அறையின் வாசலில் அவர் பெயர் பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது, அதையும் யாரும் தடுக்கவில்லை. அறை கட்டித் தந்த நன்றிக்கு அறையோடு கணக்குத் தீர்ந்தது. டிக்கெட் அம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவருக்காகக் கேட்க வாரிசு வராது என்கிற தைரியத்தில்தான் அவர் பெயரை அழித்திருக்கிறார்கள். அவர் கொடுத்த இடத்தில் படித்த நாங்கள் எல்லோரும் யாராம்?

11. டிக்கெட் அம்மா எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். கோப்பு காணப்படவில்லை என்றார்கள். பதிவு அலுவலகத்தில் கேட்டேன். அந்தக் காலத்துப் பதிவுகளைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். என் அம்மாவையும் அவரோடு படித்தவர்களையும் ஆட்டோ வைத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தேன். மாடிப்படி ஏற முடியாமல் அவர்கள் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் மேலே இருந்தபடியே, “வாயால சொல்றதையெல்லாம் நாங்க ஏத்துக்க முடியாதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவர்கூட இறங்கி வந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

காகிதம் இல்லை, வாய்ச்சொல் செல்லாது. மிச்சம் இருப்பது டெஸ்குகள். பள்ளிக்குப் புது இரும்பு டெஸ்குகள் வந்துவிட்டதால், பழையவற்றைப் பின்புற வராந்தாவில் அடுக்கி, விறகு என்று விலை வைத்து வரும் திங்களன்று ஏலம் விடத் தாங்கள் ஆணையிட்டிருக்கிறீர்கள். ஏலம் கேட்க இதுவரை ஒரே ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். மரக்கடை. அவர்களுக்கு விறகுக்கு என்ன பஞ்சம் என்று நான் கேட்கவில்லை, தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

12. குறைதீர் நாளில் என் முறை வந்தபோது மனுவின் முதல் பக்கத்தைத் தாங்கள் படித்தீர்கள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. “ஆதாரம் இல்லாம நான் என்னம்மா பண்ண முடியும்? கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டு வாங்க” என்றீர்கள். ஓரத்தில் ‘பரிசீலிக்கவும்’ என்று எழுதினீர்கள்.

அடுத்துச் செய்ததைத் தாங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, மேஜை விளிம்பில், தங்கள் பக்கமாக, குறுக்கே வைத்தீர்கள். அதற்கு மேல்புறம் பேனாவை வைத்தீர்கள். கண்ணாடி போட்ட மட்டமான மேஜை அது. பேனா உருண்டு விழ வழியே இல்லை. பிறகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, “அடுத்தது யாரு?” என்றீர்கள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். மாடிப்படி பாதி இறங்கிய பிறகுதான் கோபம் வந்தது. தாங்கள் எங்கள் பள்ளியில் எந்த ஆண்டு படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தங்கள் தந்தை வேலை மாற்றலில் வந்து கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த டெஸ்குக்கு ஓர் ஆண்டு போதும். யாரோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அணையைப் போடு என்று தங்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறான். மணி அடித்ததும் தாங்களும் படம் விட்டாச்சு என்று கத்திக்கொண்டு அந்தத் திடலுக்குத்தான் ஓடியிருப்பீர்கள். மரக்கிடங்கு என்று எழுதிய காகிதம் தங்கள் மேஜைக்கு வந்தபோது தெரிந்தே ஒப்பமிட்டீர்களா, மறந்து ஒப்பமிட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. என் அம்மாவுக்கு மறக்கவில்லை. அவர் தன்னைச் சந்தேகப்பட்டு அழுததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன். திங்கட்கிழமை ஏலத்தை நிறுத்துங்கள். திடலைப் பற்றித் தாங்கள் கொடுத்த ஆட்சேபமின்மைக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, தகரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். வைர விழாக் கல்லில் யார் பெயரை வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளட்டும், முதல் வரியில் டிக்கெட் அம்மா இருக்க வேண்டும். என் மகளுக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள்.

இவற்றைச் செய்வதற்கு முன் ஆதாரம் வேண்டும் என்று தாங்கள் இன்னும் நினைத்தால், ஒரு முறை நேரில் வாருங்கள். ஆபரேட்டர் ரூமுக்குப் போய் அங்கேயே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்புற வராந்தாவுக்கு வந்து, அடுக்கிலிருந்து ஒரு டெஸ்கை இறக்கச் சொல்லி, அதில் உட்காருங்கள். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, அணை இல்லாமல் பேனாவை டெஸ்கில் வையுங்கள். அது உருண்டு தங்கள் மடியில் விழும். அந்தப் பேனாவை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, தாங்கள் போட்ட ஆணைகளை ரத்து செய்து கையெழுத்திடுங்கள்.

இடம்: பள்ளிக்கு எதிரே, பிள்ளைகள் ஓடும் தெருவைப் பார்த்த கடை
நாள்: ஏலத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை

(ஒப்பம்)
மனு எழுதித் தருபவள்,
பழைய மாணவி, ரெண்டு போர்டு ரூம்

நகல்: வைர விழாக் குழுத் தலைவருக்கு, அவர் மலரின் அடுத்த பதிப்புக்காக.

இணைப்பு: எதுவும் இல்லை. ஆதாரம் பள்ளியின் பின்புற வராந்தாவில் திங்கட்கிழமை காலைவரை இருக்கும்.